கடலோர ரிசார்ட்டில் குடும்பத்தோடு இரண்டு இரவுகள்

பரந்த நிலம், அதற்குள் சிதறிக் கிடக்கும் தாழ்ந்த கட்டடங்கள், நீச்சல்குளம், பிள்ளைகள் ஓடியாட இடம், பெரியவர்கள் உட்கார நிழல், உடம்பு பிடித்துவிட ஒரு ஸ்பா. இவ்வளவும் ஒரே வளாகத்தில் அமைந்த சொகுசு விடுதி இங்கிலாந்தில் பெரும்பாலும் ஒரு பழைய பிரபுவின் கிராமத்து மாளிகையாக இருக்கும். சென்னைக்கும் அந்த மரபு புதிதல்ல. கோட்டையின் புழுக்கத்திலிருந்து விலகி ஆளுநர்கள் வந்து தங்கிய கிண்டித் தோட்ட மாளிகைதான் பிற்பாடு ஆளுநரின் நிலையான இல்லமானது. பெருங்களத்தூர், தாம்பரம், வண்டலூர்ப் பகுதிக் குடும்பங்களுக்கு இன்று இத்தகைய தங்கலைத் தருபவை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் முதல் மாமல்லபுரம் வரை வரிசையாக இருக்கும் ரிசார்ட்டுகள். இந்த அத்தியாயம் அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதையும், முன்பதிவு செய்வதையும், அங்கே பொழுதைக் கழிப்பதையும் பற்றியது.

தேர்வுக்கு ஓர் அளவுகோல் போதும். குடும்பத்தில் யாரால் மிகக் குறைவாக நடக்க முடியுமோ அவருக்கும், யாருக்கு நீச்சல் தெரியாதோ அந்தக் குழந்தைக்கும் எந்த இடம் ஒத்துவருமோ, அதுவே சரியான இடம். நட்சத்திர எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். மத்திய சுற்றுலா அமைச்சகம் வழங்கும் நட்சத்திரத் தரம் விடுதிகள் தாமாக விண்ணப்பித்துப் பெறுவது. அறையின் அளவு, வசதிகள், சேவை ஆகியவற்றை அது சொல்லும். பாட்டியின் அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எத்தனை படி இறங்க வேண்டும் என்பதை அது சொல்லாது.

இருக்கும் இடங்கள்

வரிசையில் மூத்தது கோவளத்தில் உள்ள தாஜ் ஃபிஷர்மேன்ஸ் கோவ். 1974-இல் திறக்கப்பட்டது. அது நிற்கும் கடற்கரைக்கு நீண்ட கதை உண்டு. ஆர்க்காட்டு நவாபுகள் காலத்துக் கோட்டை ஒன்று கோவளத்தில் இருந்தது. 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த அதை 1752-இல் ராபர்ட் கிளைவ் கைப்பற்றித் தகர்த்தார். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, இரண்டாம் நாள் பேச்சுவார்த்தை இந்த விடுதியில்தான் நடந்தது. சவுக்கு மரங்கள், தனித்தனிக் காட்டேஜ்கள், கடலைப் பார்த்த உணவகம் என்று இதன் அமைப்பு பழைய காலத்து நிதானத்தோடு இருக்கிறது. சிறு குடும்பத்துக்கும் வயதான தம்பதியருக்கும் இது பொருந்தும்.

மாமல்லபுரத்தின் ரேடிசன் ப்ளூ டெம்பிள் பே வேறு மாதிரி. மத்திய அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் டெம்பிள் பே அசோக் என்ற பெயரில் நடத்திய விடுதி அது. 2000-களின் தொடக்கத்தில் பொதுத்துறை ஓட்டல்கள் விற்கப்பட்டபோது ஜி.ஆர்.டி. குழுமத்திடம் வந்தது. நாற்பது ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம். வளைந்து நெளிந்து அறைகளுக்கு நடுவே ஓடும் அதன் நீச்சல்குளம் புகழ்பெற்றது. கடற்கரைக் கோயிலின் கோபுரம் அந்தப் பக்கத்துக் கடலோரத்திலிருந்து தெரியும். பிள்ளைகள் கூட்டமாக உள்ள பெரிய குடும்பத்துக்கு இந்த விரிவு வரம். ஆனால் மூட்டுவலிக்காரருக்கு பேட்டரி வண்டி இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது. அறைக்கு எத்தனை நிமிடத்தில் வண்டி வரும் என்று கேட்டுவிட்டே பதிவு செய்ய வேண்டும்.

இரண்டுக்கும் இடையில் வடநெம்மேலியில் ஷெரட்டன் கிராண்ட் ரிசார்ட்டும், அடுத்த நெம்மேலியில் இன்டர்கான்டினென்டலும் இருக்கின்றன. இரண்டும் பின்னால் வந்தவை. கட்டடங்களும் குளியலறைகளும் புதிய முறையில் அமைந்தவை. லிஃப்ட், சக்கர நாற்காலி செல்லும் சரிவுப் பாதை போன்றவற்றைப் புதிய கட்டடங்களில் எதிர்பார்க்கலாம் என்பது மூத்தோர் உள்ள வீட்டுக்குச் சாதகம். முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம் மூன்றிலும் நடுத்தர விலை ரிசார்ட்டுகள் நிறைய. அவற்றில் சிலவற்றில் இரவு தங்காமல் காலையிலிருந்து மாலை வரை குளமும் மதிய உணவும் தரும் டே அவுட்டிங் திட்டம் உண்டு. முதல் முறை போகும் குடும்பம் ஒரு நாள் அப்படிச் சென்று இடத்தைப் பார்த்துவிட்டு, பிறகு தங்குவதற்குத் திட்டமிடுவது பணத்தை மிச்சப்படுத்தும்.

போகும் வழி

பெருங்களத்தூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர், அங்கே இடப்பக்கம் திரும்பி வண்டலூர்–கேளம்பாக்கம் சாலை, கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் கடந்து கேளம்பாக்கம், பழைய மாமல்லபுரம் சாலையைக் குறுக்கே தாண்டிக் கழிமுகத்தின் மேலாகச் சென்றால் கோவளம். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். மாமல்லபுரம் அங்கிருந்து தெற்கே இன்னும் இருபது கிலோமீட்டருக்குள். நகரத்துக்குள் போய் அடையாறு, திருவான்மியூர் வழியாகச் சுற்றத் தேவையே இல்லை. தென்புறநகரில் இருப்பவர்களுக்கு வாய்த்த நல்வாய்ப்பு இது. மாமல்லபுரம் மட்டுமே இலக்கு என்றால் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியும் உண்டு. தூரம் கூடும், ஆனால் ஏரியும் வயலுமாகப் போகும் பாதை. திருக்கழுக்குன்றத்தில் இறங்கிக் கோயிலையும் பார்க்கலாம்.

இந்தப் பயணத்தில் கடினமான பகுதி முதல் மூன்று கிலோமீட்டர்தான். தென்மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகள் அனைத்தும் பெருங்களத்தூரையும் வண்டலூரையும் கடந்தே ஆக வேண்டும். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு பெருங்களத்தூரில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கூட்டம் குறைந்திருக்கிறது, நெரிசல் தீர்ந்துவிடவில்லை. தீபாவளி, பொங்கல், தொடர் விடுமுறைக்கு முந்தைய மாலைகளில் கிளம்பவே கூடாது. அறை பெரும்பாலும் பிற்பகல் 2 அல்லது 3 மணிக்குத்தான் கிடைக்கும் என்பதால், காலை 10 மணிக்குப் புறப்பட்டு வழியில் ஓர் இடம் பார்த்துவிட்டுச் செல்வது வசதி.

சொந்த வண்டி இல்லாதவர்கள் வாடகைக் காரில் போவது எளிது, திரும்புவதுதான் சிக்கல். கடற்கரைச் சாலையில் ஞாயிறு பிற்பகலில் செயலி வழியாக வண்டி கிடைப்பது நிச்சயமில்லை. போகும்போதே அதே ஓட்டுநரிடம் திரும்பும் நேரத்தையும் பேசி முடித்துக்கொள்ளலாம்.

எப்போது போவது

பஞ்சாங்கத்தைப் பார்த்து ரிசார்ட் பதிவு செய்வது விளையாட்டுப் பேச்சல்ல. இந்த விடுதிகளுக்குப் பெரிய வருமானம் கல்யாணம். வளர்பிறை முகூர்த்தம் விழும் வார இறுதியில் புல்வெளியில் மேடை போடுவார்கள். சங்கீத் நிகழ்ச்சியின் ஒலிபெருக்கி அடங்கும் வரை குழந்தை தூங்காது. காலை உணவுக் கூடத்தில் கல்யாண வீட்டார் நிறைந்திருப்பார்கள். ஸ்பாவில் மணப்பெண்ணின் தோழிகளுக்கு ஏற்கெனவே நேரம் ஒதுக்கப்பட்டிருக்கும். பதிவு செய்யும் முன் தொலைபேசியில் ஒரே கேள்வி: “அந்த ரெண்டு நாளும் வளாகத்துல கல்யாணமோ கம்பெனி விழாவோ இருக்கா?” நேராகக் கேட்டால் பெரும்பாலும் நேராகவே சொல்வார்கள்.

ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் தமிழ்க் கல்யாணங்கள் குறைவு. இவற்றில் மார்கழி கிறிஸ்துமஸ், புத்தாண்டோடு மோதுவதால் வாடகை உச்சத்தில் இருக்கும். ஆடியில் வாடகை இறங்கும், பள்ளிகள் நடந்துகொண்டிருக்கும். சிறு குழந்தைகள் மட்டும் உள்ள வீட்டுக்கு அது நல்ல காலம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு எல்லாம் கூடிவரும் நேரம் காலாண்டுத் தேர்வு விடுமுறை. செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். புரட்டாசி என்பதால் கல்யாணச் சத்தம் இல்லை. வடகிழக்குப் பருவமழை பொதுவாக அக்டோபர் மூன்றாம் வாரத்துக்குப் பிறகுதான் வலுக்கும். அசைவம் விலக்கும் வீடுகளுக்கு மட்டும், கடல் உணவுக்குப் பேர்போன இடத்தில் சாம்பார் சாதம் சாப்பிட வேண்டிய நிலை. காந்தி ஜயந்தியும் ஆயுத பூஜையும் சேரும் நாட்களில் கூட்டம் இருக்கும், அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

நவம்பரும் டிசம்பர் முதல் பாதியும் புயல் காலம். பணம் திரும்பக் கிடைக்கும் விதிமுறையில் மட்டுமே அப்போது பதிவு செய்யலாம். மே மாதக் கத்திரி வெயிலில் பகல் 11 மணி முதல் 4 மணி வரை அறையை விட்டு வெளியே வர முடியாது. கோடை விடுமுறைக்குப் போவதானால் ஜூன் முதல் வாரத்தை விட ஏப்ரல் நடுப்பகுதி தேவலை. தை பிறந்து மாசி வரை காற்றும் வெயிலும் இதமானவை.

வாரத்தில் எந்த நாள் என்பதும் முக்கியம். முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை, தட்சிணசித்ராவுக்கும் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கும் செவ்வாய் விடுமுறை. வாடகை குறைவு என்று திங்கள், செவ்வாயில் போய் இறங்கினால் அக்கம்பக்கத்தில் பாதி மூடியிருக்கும். புதன் போய் வெள்ளி காலையில் கிளம்புவதே வாடகைக்கும் பொழுதுக்கும் ஏற்றது.

அறை

விளம்பரத்தில் வரும் அறைப் பெயர்களைக் கண்டு மயங்க வேண்டாம். கடல் தெரியும் அறை என்றால் கட்டிலில் படுத்தபடி கடல் தெரிவதா, பால்கனி மூலையில் நின்று கழுத்தைத் திருப்பினால் தெரிவதா என்று கேட்க வேண்டும். குழந்தைகளுள்ள வீட்டுக்குக் கடலைக் காட்டும் மூன்றாம் மாடியை விடப் புல்வெளியில் திறக்கும் தரைத்தள அறை மேல். கதவைத் திறந்தால் ஓட இடம் இருக்கிறது. தாத்தா வாசலில் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

தனிக் குளம் உள்ள வில்லாக்கள் தம்பதியருக்கு ஏற்றவை. நடக்கத் தொடங்கிய குழந்தை உள்ள குடும்பம் அவற்றைத் தவிர்ப்பது நல்லது. படுக்கையறைக் கண்ணாடிக் கதவுக்கு நான்கடி தள்ளி, வேலியில்லாமல், உயிர்காப்பாளர் இல்லாமல் தண்ணீர் நிற்கிறது. பெரியவர்கள் பெட்டியைப் பிரித்துத் துணி எடுக்கும் ஐந்து நிமிடம் போதும். வில்லாதான் வேண்டும் என்றால், கதவின் மேல்தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறதா என்பதை அறைக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்க வேண்டும்.

ஓர் அறையில் பொதுவாக இரண்டு பெரியவர்கள், ஒரு கூடுதல் கட்டில். தாத்தா பாட்டி, கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் உள்கதவால் இணைந்த இரண்டு அறைகளே வசதி. ‘பக்கத்துப் பக்கத்து அறை’ என்று எழுதித் தருவது வேறு, ‘உள்ளே கதவு உள்ள அறை’ வேறு; பதிவு மின்னஞ்சலில் இரண்டாவது வார்த்தைகள் இருக்க வேண்டும். ஐந்து ஆறு வயது வரை பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை, பன்னிரண்டு வரை பாதி, அதற்கு மேல் பெரியவர் கணக்கு என்பது பரவலான வழக்கம். விடுதிக்கு விடுதி வயது மாறும் என்பதால் பிள்ளையின் வயதைச் சொல்லித் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். மூத்தோருக்குக் குளியலறையில் கைப்பிடிக் கம்பியும், ஷவர் பகுதியில் உட்கார ஒரு முக்காலியும் கேட்டால் தருவார்கள். குளியல் தொட்டிக்குள் ஏறி நின்று குளிக்கும் அமைப்பு மட்டும் உள்ள அறையை அவர்களுக்கு ஏற்கக் கூடாது.

பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் புகைப்பட அடையாள அட்டை தேவை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள உறவினர் உடன் வந்தால், விடுதி 24 மணி நேரத்துக்குள் அவரைப் பற்றிய விவரத்தை அரசிடம் பதிய வேண்டும். கடவுச்சீட்டும் விசாவும் கையில் இருக்கட்டும்.

குளமும் கடலும்

நீச்சல்குளத்தில் நம் குடும்பங்களுக்கு வரும் முதல் சங்கடம் உடை. பருத்தித் துணி நூல் பிரிந்து வடிகட்டியை அடைக்கும் என்பதால் பருத்தி டி-ஷர்ட், நைட்டி, சுடிதாரோடு யாரையும் இறக்க மாட்டார்கள். நைலான் அல்லது லைக்ரா துணியில் முழுக்கை மேல்சட்டையும் கணுக்கால் வரை கால்சட்டையும் உள்ள நீச்சல் உடை தாம்பரம் விளையாட்டுக் கடைகளிலேயே கிடைக்கிறது. வீட்டுப் பெண்களுக்கும் அதை முன்பே வாங்கிவிட்டால், குளத்தங்கரையில் பையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் நிலை அவர்களுக்கு வராது. குளத்தில் இறங்க விருப்பமுள்ள எத்தனையோ அம்மாக்கள் உடை இல்லாததால் மட்டும் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்காகவாவது இந்தச் செலவைச் செய்ய வேண்டும்.

குழந்தைகள் குளம் தனியாகத் தடுக்கப்பட்டிருக்கிறதா, பெரிய குளத்தோடு ஒரே நீராகச் சரிந்து ஆழமாகிறதா என்பதைப் போய்ப் பார்த்தபின்தான் பிள்ளையை இறக்க வேண்டும். உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் மட்டும் இறங்கலாம். அவர் இருந்தாலும் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில், கைபேசியை அறையில் வைத்துவிட்டு, தண்ணீருக்குள் நிற்க வேண்டும். கையில் மாட்டும் காற்றுப் பட்டை விளையாட்டுச் சாமான். உயிர் காக்கும் கருவியல்ல.

கடல் வேறு விஷயம். கோவளம் கடற்கரையின் ஒரு பகுதி 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்றது. தூய்மை, வசதிகள், பாதுகாப்பு ஏற்பாடு ஆகியவற்றுக்காகத் தரப்படும் அந்தச் சான்று அலையின் இழுப்பைக் குறைத்துவிடாது. இந்தக் கரையில் அடியில் இழுக்கும் நீரோட்டம் வலியது. நன்றாக நீந்துபவர்களையும் கொண்டுபோகும். கணுக்கால் நனையும் அளவோடு நிற்பதே குடும்பத்துக்குரிய எல்லை. மாமல்லபுரத்தில் சுற்றுலாக் காவலர்கள் விரட்டுவதை யாரும் தொல்லையாகக் கொள்ள வேண்டாம். கரை விடுதியின் சொத்தல்ல, பொது இடம். மீனவர்கள் வலை உலர்த்துவார்கள், படகு இழுப்பார்கள். காலை ஆறு ஏழு மணிக்குப் படகு கரை சேரும்போது பிள்ளைகளை அழைத்துப் போனால், மீன் வகைகளைப் பெயர் சொல்லிக் காட்ட அங்கே ஆள் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். இரவில் கடற்கரையில் டார்ச் அடிக்கக் கூடாது.

ஸ்பா

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு ஸ்பாவின் அடிப்படை அந்நியமானதல்ல. நல்லெண்ணெயைச் சூடாக்கி உச்சி முதல் பாதம் வரை தேய்த்து, ஊறவிட்டு, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளிப்பதன் விரிவுதான் ஆயுர்வேத அப்யங்கம். நெற்றியில் எண்ணெய் ஒழுகவிடும் சிரோதாரா அதோடு சேர்ந்து வரும். எண்ணெய் குறைத்து நீண்ட தடவலாகச் செய்வது ஸ்வீடிஷ். அழுத்தமும் நீட்டலும் கலந்தது பாலினீஸ். தசையின் ஆழத்தைப் பிடிப்பது டீப் டிஷ்யூ. மசாஜ் பழக்கமே இல்லாதவர் அரை மணி நேரத் தலை, தோள், பாதப் பிடிப்போடு தொடங்குவது நல்லது. ஒன்றரை மணி நேரத் தொகுப்பை முதல் நாளே வாங்கினால் பாதியில் எழுந்திருக்கத் தோன்றும்.

நேரத்தைப் பொருத்துவதில் பலர் தவறுகிறார்கள். எண்ணெய் உடம்போடு குளத்தில் இறங்க விடமாட்டார்கள். வெயிலில் கிடந்து சிவந்த தோலில் மசாஜ் எரியும். பஃபே சாப்பிட்ட வயிற்றோடு குப்புறப் படுக்க முடியாது. காலையில் குளம், மதியம் உணவும் தூக்கமும், மாலை 4 மணிக்கு மேல் ஸ்பா, அதன்பின் வெந்நீர்க் குளியல், இலேசான இரவு உணவு என்ற வரிசை ஒத்துவரும். கணவனும் மனைவியும் ஒரே நேரத்தைக் கேட்காமல் அடுத்தடுத்துக் கேட்டால் பிள்ளைகளை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். நேரத்தை அறை பதிவு செய்யும்போதே குறித்துவிட வேண்டும். அங்கே போய்க் கேட்டால் காலை 10 மணிதான் மிஞ்சியிருக்கும்.

பெண்களுக்குப் பெண் தெரப்பிஸ்ட் வேண்டும் என்று கேட்பதில் தயக்கமே தேவையில்லை; நல்ல ஸ்பாக்கள் கேட்காமலே அப்படித்தான் ஒதுக்குகின்றன. எந்த உடையோடு படுப்பது, எந்த இடத்தைத் தொட வேண்டாம், எவ்வளவு அழுத்தம் என்பதெல்லாம் வாடிக்கையாளரின் முடிவு; நடுவில் நிறுத்தச் சொல்வதும் அப்படியே. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைப் பல ஸ்பாக்கள் அனுமதிப்பதில்லை. அனுமதிக்கும் இடத்திலும் தாயோ தந்தையோ அறைக்குள் இருக்க வேண்டும்.

உடல்நிலை பற்றி உள்ளே தரும் படிவத்தை ஒப்புக்கு நிரப்பக் கூடாது. உலர் வெப்ப அறையான சானாவில் 70 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை போகும். நீராவி அறை 45 டிகிரி அளவில் இருந்தாலும் ஈரப்பதம் முழுமையாக இருப்பதால் வியர்வை உலராது, மூச்சு முட்டும். கர்ப்பிணிகள் சானா, நீராவி, ஜக்குஸி மூன்றையும் விலக்க வேண்டும். இதய நோயாளிகளும், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போகக் கூடாது. நெடுநாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்குச் சூடு உறைக்காது. சூடான கல் வைக்கும் சிகிச்சையில் அவருக்குப் புண் ஏற்படலாம். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், காலில் நரம்புச் சுருட்டல் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆழமான அழுத்தத்தைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்களுக்கும் வெப்ப அறையில் பத்து நிமிடம் போதும். முன்னும் பின்னும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

ஸ்பா ஓய்வுக்கானது, நோய் தீர்க்கும் இடமல்ல. தாத்தாவின் முதுகுவலிக்கும் பாட்டியின் உறைந்த தோளுக்கும் அங்கே தீர்வு தேடுவது பணவிரயம். பெருங்களத்தூரிலிருந்து மின்சார ரயிலில் இரண்டாவது நிறுத்தமான தாம்பரம் சானடோரியத்தில், 2005-இல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. தொக்கணம், வர்மம் உள்ளிட்ட புறச் சிகிச்சைகளை மருத்துவர்கள் பார்த்துச் செய்யும் இடம் அது. காசநோயாளிகளுக்கு நல்ல காற்று வேண்டும் என்று 1928-இல் மருத்துவர் சௌரி முத்து சானடோரியம் அமைக்க இந்தப் பகுதியைத்தான் தேர்ந்தெடுத்தார். ஊருக்கே அந்தப் பெயர் நிலைத்தது. வலிக்கு அங்கே, களைப்புக்குக் கடற்கரைக்கு என்று பிரித்துக்கொண்டால் இரண்டிலும் ஏமாற்றம் இராது.

சாப்பாடு

காலை உணவு மட்டும் சேர்ந்த வாடகை, காலையும் ஒரு வேளையும் சேர்ந்தது, மூன்று வேளையும் சேர்ந்தது என்று திட்டங்கள் உண்டு. ஊர் சுற்றும் எண்ணம் இருந்தால் காலை உணவு மட்டும் போதும். மாமல்லபுரத்தில் எல்லா விலையிலும் உணவகங்கள் இருக்கின்றன. வளாகத்தை விட்டு வெளியேறாமல் ஓய்வெடுக்கப் போகிறவர்கள் இரவு உணவையும் சேர்த்து வாங்கினால் கணக்கு குறையும். குழந்தைக்கு ரசம் சாதமோ தயிர் சாதமோ பட்டியலில் இருக்காது. கேட்டால் செய்து தருவார்கள், மதியம் 12 மணிக்கே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. மீன் உண்பவர்கள் பட்டியலைப் பார்க்காமல் அன்றைக்கு என்ன வந்தது என்று கேட்க வேண்டும். வஞ்சிரமோ சங்கராவோ அன்று கரைக்கு வந்ததுதான் சாப்பிடத் தகுந்தது. வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி இல்லாத விடுதிகளிலும் கைக்குழந்தையின் உணவைத் தடுப்பதில்லை.

சுற்றிப் பார்க்க

இரண்டு இரவில் இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிட்டால் ரிசார்ட்டுக்குக் கொடுத்த பணம் வீண். முதல் இடம் மாமல்லபுரம். 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். காலை 6 மணிக்குத் திறக்கும்போதே போய்விட வேண்டும். 9 மணிக்குப் பாறை சுடத் தொடங்கும். கடற்கரைக் கோயிலை விட அர்ச்சுனன் தபசு பிள்ளைகளைப் பிடித்து நிறுத்தும். யானைக் கூட்டமும், பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றும் எலிகளும் எங்கே என்று தேட விட்டால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

இரண்டாவது இடம் வயதைப் பொறுத்தது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வடநெம்மேலி முதலைப் பண்ணை: 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கியது, அழியும் நிலையில் இருந்த இந்திய முதலை இனங்களைப் பெருக்கிக் காட்டிய இடம். பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் முட்டுக்காடு தட்சிணசித்ரா: 1996-இல் திறக்கப்பட்டது, செட்டிநாடு, கேரளம் முதலிய பகுதிகளில் இடிபட இருந்த வீடுகளை மரத்தூணோடு பெயர்த்து வந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து கண்ணாடி ஊதுவதையும் பானை வனைவதையும் பார்க்கலாம். கோயில் பார்க்கும் மூத்தோருக்குக் கோவளத்தை அடுத்த திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் சாலையோரத்திலேயே இருக்கிறது, படியேற்றம் இல்லை.

பழைய மாளிகையே வேண்டும் என்றால்

கடலும் குளமும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வீடு பழையதாக இருக்க வேண்டும் என்பவர்கள் காரைக்குடிப் பக்கம் போகலாம். காரைக்குடியின் ‘தி பங்களா’, கானாடுகாத்தானின் ‘விசாலம்’ இரண்டும் நகரத்தார் கட்டிய பழைய கட்டடங்களில் நடக்கும் விடுதிகள். சமையலுக்காகவே போகிறவர்கள் உண்டு. பல்லவன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்று காரைக்குடி வரை செல்கிறது. உயர்ந்த வாசற்படிகளும் மாடிப்படிகளும் மூத்தோருக்குச் சிரமம் என்பதால் கீழ்த்தள அறையைக் கேட்க வேண்டும். ஊட்டியில் சவாய், ஃபெர்ன்ஹில்ஸ் அரண்மனை ஆகியவை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வருபவை. நீலகிரிக்கு வண்டியில் செல்ல 2024 மே முதல் இ-பாஸ் தேவை.

வரியும் பில்லும்

2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். இந்த எல்லையில் சிறிய வித்தியாசம் பெரிதாகும்: 7,400 ரூபாய் அறைக்கு வரியோடு 7,770, 7,600 ரூபாய் அறைக்கு 8,968. கூடுதல் கட்டிலால் தொகை எல்லையைத் தாண்டுமா என்று முன்பே கேட்க வேண்டும். உயர்வாடகை விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் சாப்பாட்டுக்கும் 18 சதவீதம். வெளியே அதே சாப்பாட்டுக்கு 5. விளம்பர விலை வரிக்கு முந்தையதா பிந்தையதா என்பதைப் பதிவுப் பக்கத்தின் கடைசி வரியில்தான் காண முடியும்.

சேவைக் கட்டணம் வரியல்ல. அதை விடுதி தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. பில்லில் இருந்தால் நீக்கச் சொல்லலாம். நன்றாகக் கவனித்த பணியாளருக்குத் தனியாகக் கையில் கொடுப்பது வேறு; அதற்குத் தடையில்லை.

அறையைக் காலி செய்யும் நேரம் பெரும்பாலும் 11 அல்லது 12 மணி. முந்தைய இரவே பில்லை வாங்கிப் பார்த்துவிட்டால் காலையில் வரவேற்பறையில் நிற்க வேண்டியதில்லை. அறைக் குளிர்பெட்டியில் எடுக்காத பொருள், ஸ்பாவில் தள்ளுபடி சொன்ன தொகை, பிள்ளைக்கு இலவசம் என்று எழுதிய காலை உணவு ஆகிய மூன்றிலும் தவறு வருவது வழக்கம். நுழையும்போது முன்பணமாகப் பிடித்த தொகை அட்டைக்கு எத்தனை நாளில் திரும்பும் என்பதை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பலாம். அறையை விட்ட பிறகும் பிற்பகல் வரை குளத்தைப் பயன்படுத்தவும் உடை மாற்றவும் பெரும்பாலான ரிசார்ட்டுகள் அனுமதிக்கும். பெட்டிகளை வரவேற்பறையில் வைத்துக்கொள்வார்கள்.